உனக்குப் பதில் வந்திருந்தது

அன்புள்ள கதிர்,

போன ஞாயிற்றுக்கிழமை நீ அம்மாவோடு பேசியபோது போன் ஸ்பீக்கரில் இருந்தது உனக்குத் தெரியாது. அவரைக்காய் நறுக்கிக்கொண்டே பேசுவதற்காக அவள் அப்படி வைத்திருந்தாள். நான் பக்கத்தில் பேப்பரை விரித்துக்கொண்டு படிப்பதுபோல உட்கார்ந்திருந்தேன். உன் சிநேகிதன் சொன்ன வேலையைப் பற்றி அவள் கேட்டாள். பள்ளிப் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் புத்தகம் போடுகிற இடத்தில் ஆள் எடுக்கிறார்கள், மாசக் கடைசிக்குள் எழுதிப் போட வேண்டும் என்றாயே, போட்டாயா என்று. நீ சிரித்தாய். "அதெல்லாம் நமக்கு வராதும்மா. ஒரு தடவ எழுதிப் போட்டேன்ல? வேணாம்னுகூட ஒரு வரி எழுதல அவங்க. அதுக்கு மேல என்ன இருக்கு?" என்றாய். அப்புறம், பொங்கலுக்கு வீட்டை ஒழிக்கும்போது அலமாரியில் இருக்கிற உன் நீல நோட்டையும் பழைய பேப்பரோடு போட்டுவிடச் சொன்னாய். அம்மா அடுத்த அவரைக்காயை எடுத்தாள். நான் பேப்பரில் ஒரே வரியை நாலு தடவை படித்தேன். என்ன வரி என்று இப்போது கேட்டால் தெரியாது.

கதிர், அவர்கள் எழுதினார்கள். ஆறு வருஷத்துக்கு முன் நீ எழுதிப் போட்ட அந்த அகராதி அலுவலகத்திலிருந்து உனக்குப் பதில் வந்தது. உன்னை நேரில் வரச் சொல்லித்தான் வந்தது. அதை நான் மறைத்துவிட்டேன். முதல் பக்கத்திலேயே இதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் என்னை எனக்குத் தெரியும். சுற்றி வளைத்துப் பேச ஆரம்பித்தால் உடம்பைப் பார்த்துக்கொள், எண்ணெய் தேய்த்துக் குளி என்று நாலு பக்கம் எழுதிக் கையெழுத்தும் போட்டுவிடுவேன். சொல்ல வேண்டியது மட்டும் உள்ளேயே நின்றுவிடும். ஆறு வருஷமாக அப்படித்தான் நின்றிருக்கிறது.

இந்த இங்கிலீஷ் பைத்தியம் உனக்கு எங்கிருந்து வந்தது என்று யாராவது கேட்டால் நான் பெருமையாக என்னைச் சொல்லிக்கொள்வேன். உண்மை அது இல்லை. எனக்கு வந்ததே உன்னிடமிருந்துதான். நீ ஏழாவது படித்தபோது மைன்ஸில் எங்களுக்கெல்லாம் ஒரு பாதுகாப்புத் தாள் கொடுத்தார்கள். நிலக்கரி வருகிற பெல்ட் ஓட ஆரம்பிக்கும் முன் ஒரு ஹூட்டர் கத்தும், அந்த ஹூட்டரைக் கேட்டால் என்ன செய்ய வேண்டும் என்று இங்கிலீஷில் போட்டிருந்தது. இருபது வருஷமாக அந்தப் பெல்ட்டைப் பார்த்துக்கொள்பவன் நான். தாளைப் படிக்கத் தெரியாமல் உன்னிடம் நீட்டினேன். நீ படித்தாய், திரும்பவும் படித்தாய், என்னை நிமிர்ந்து பார்த்தாய். "ஏம்ப்பா, ஹூட்டர் 'கோஸ் ஆஃப்'னு போட்ருக்கு. கரண்ட்டு ஆஃப் ஆனா லைட்டு அணையுது. ஹூட்டர் ஆஃப் ஆனா எப்படிக் கத்தும்?" என்றாய். எனக்கு என்ன தெரியும்? "வெள்ளக்காரன் அவசரத்துல மாத்தி எழுதிட்டான் போல" என்றேன். நீ மறுநாள் பள்ளியில் டீச்சரைக் கேட்டுவிட்டு வந்தாய். அவர் அது அப்படித்தான் என்று சொல்லிவிட்டாராம். அப்படித்தான் என்ற பதில் உனக்குப் போதவில்லை. அன்றைக்குத்தான் அந்த நீல நோட்டை வாங்கித் தந்தேன்.

அதற்குப் பிறகு அது நம் வீட்டு விளையாட்டு ஆகிவிட்டது. ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் வரும்போது நான் மற்றவர்களின் பேச்சில் ஒட்டுக்கேட்டுக்கொண்டே வருவேன், உனக்கு ஏதாவது கிடைக்குமா என்று. 'ஓப்பன் சீக்ரெட்' என்று ஒரு யூனியன்காரர் சொன்னார். திறந்து கிடந்தால் அது என்ன ரகசியம்? ஓடி வந்து உன்னிடம் கொடுத்தேன். அழகு என்கிற ப்ரெட்டியை எடுத்து அசிங்கம் என்கிற அக்லியோடு சேர்த்தால் படு அசிங்கம் என்று அர்த்தமாம், அதை நீ கண்டுபிடித்தாய். ஒருத்தன் காதலில் தலைகுப்புற விழுந்தால் 'ஹெட் ஓவர் ஹீல்ஸ்' என்கிறார்களே, நிற்கிறவனுக்கும் தலை மேலேதானே, குதிகால் கீழேதானே, இதில் விழுந்தது எங்கே என்று நீ கேட்டபோது நான் சாப்பாட்டுத் தட்டோடு எழுந்து நின்று என் காலைக் குனிந்து பார்த்தேன். அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். ஃபார்மை 'ஃபில் இன்' பண்ணினாலும் 'ஃபில் அவுட்' பண்ணினாலும் ஒன்றுதான். வீடு எரிந்து கீழே 'பர்ன் டவுன்' ஆனால் அதுவே மேலே 'பர்ன் அப்'பும் ஆகிவிடுகிறது. நம் ஊர்ச் சரக்கும் நிறைய இருந்தது. நீ பிறப்பதற்கு முன்பு கட்டி இன்னும் ஆள் குடியிருக்கும் டெம்பரரி குவார்ட்டர்ஸ், இருபத்திரண்டு வருஷமாகத் தற்காலிகமாகவே வேலை பார்க்கும் ஆட்கள், ஜெராக்ஸ் கடையில் 'ஒரிஜினல் ஜெராக்ஸ் வேணுமா, ஜெராக்ஸோட ஜெராக்ஸ் போதுமா' என்று கேட்கும் கேள்வி.

அம்மா ஒருநாள் நம் இருவரையும் மடக்கினாள், ஞாபகம் இருக்கிறதா? "வெள்ளக்காரன மட்டும் நோண்டிகினு கெடக்கறீங்களே, நம்ம என்னா ஒழுங்கு? கெளம்பிப் போறப்ப போறேன்னா சொல்றோம்? வரேன்னுதான சொல்றோம். மில்லுக்கு மாவு அரைக்கப் போறேன்னு சொல்றோம், அது மாவா இருந்தா எதுக்கு அரைக்கணும்?" என்றாள். நீ அதைத் தனிப் பக்கத்தில் 'அம்மா' என்று தலைப்புப் போட்டு எழுதினாய். பள்ளி முடித்து பி.ஏ. இங்கிலீஷ்தான் படிப்பேன் என்று நீ நின்றபோது, என்னோடு வேலை பார்த்தவர்கள் பிள்ளையை டிப்ளமோவில் போடு, ஐ.டி.ஐ.யில் போடு என்று சொன்னதை எல்லாம் நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அந்த ஒரு விஷயத்தில் உன் பக்கம் நின்றேன். அதனால்தான் பிறகு செய்தது எனக்கே இன்னும் விளங்கவில்லை.

நான் ஓய்வு பெற்றது தானே புயல் அடித்த மறு வருஷம். அந்தப் புயலில் நம் பிளாக்கில் பாதி மரம் விழுந்தது. நம் குவார்ட்டர்ஸின் பின்பக்கத்துப் பலா மட்டும் ஒரு கிளையைக் கொடுத்துவிட்டு நின்றது. கம்பெனி குவார்ட்டர்ஸ் கொடுத்த வருஷம் நான் நட்ட மரம். கிளை முறிந்த இடத்தில் சாணியைக் குழைத்துப் பூசினேன். அடுத்த சித்திரையில் அது பதினேழு காய் வைத்தது. அந்தச் சித்திரையில்தான் ஓய்வுக்குப் பிறகு கம்பெனி எனக்குக் கொடுத்த அவகாசம் முடிந்து நாம் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டியிருந்தது. எனக்கு ஊர் என்று சொல்லிக்கொள்ளச் சிதம்பரம் பக்கம் ஒரு பெயர் இருக்கிறதே தவிர ஒரு கூரைகூடக் கிடையாது. மந்தாரக்குப்பத்தில் வாடகைக்கு வீடு பார்த்து அட்வான்ஸும் கொடுத்தாயிற்று. டவுன்ஷிப்பின் கடைசி வளைவைத் தாண்டினால் மந்தாரக்குப்பம். சைக்கிளில் கால் மணி நேரம். எனக்கு அது கடல் கடந்து போவதுபோல இருந்தது. முப்பது வருஷம் டவுன்ஷிப்காரன் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு மந்தாரக்குப்பத்துக்குக் காய்கறி வாங்கப் போனவன், இனி அங்கே காய்கறி வாங்கிக்கொண்டு அங்கேயே திரும்ப வேண்டும்.

அந்தச் சமயத்தில்தான் ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரில் அந்த விளம்பரம் வந்தது. சென்னையில் ஒரு சின்ன அலுவலகம், இங்கிலீஷ்-தமிழ் அகராதி தயாரிக்கிறார்கள், உதவிக்கு ஆள் வேண்டும், இங்கிலீஷைப் பற்றி ஒரு கட்டுரை எழுதி விண்ணப்பத்தோடு தபாலில் அனுப்ப வேண்டும். உனக்காகவே போட்டதுபோல இருந்தது. நீல நோட்டை வைத்துக்கொண்டு மூன்று நாள் எழுதினாய். ஹூட்டரில் ஆரம்பித்து அம்மாவின் மாவு மில்லில் முடித்தாய். எனக்குத் தமிழில் சொல்லிக் காட்டியபோது நான் சிரித்த சிரிப்பில் இருமல் வந்துவிட்டது. கடைசியாக ஃபார்ம். பெர்மனென்ட் அட்ரஸ் என்று ஒரு கட்டம். "மந்தாரக்குப்பத்து வூட்ட எழுதிடவாப்பா? அடுத்த வாரம் அங்கதான இருப்போம்" என்று கேட்டாய். எனக்கு எங்கிருந்துதான் அந்தக் கோபம் வந்ததோ. "வாடகை வூட்டப் போயி எவனாவது பெர்மனென்ட்னு எழுதுவானா? முப்பது வருசம் இருந்த எடத்த எழுதுடா" என்று கத்தினேன். நீ சிரித்துக்கொண்டே, "காலி பண்ற வூட்ட பெர்மனென்ட்னு எழுதறதையும் நோட்ல சேத்துக்கலாமாப்பா?" என்றாய். வேறொரு நாளாக இருந்தால் நானே சேர்க்கச் சொல்லியிருப்பேன். அன்றைக்குக் கையை ஓங்கிவிட்டேன். இருபத்துமூன்று வயதுப் பிள்ளையின் மேல். நீ குனிந்து பிளாக் நம்பர், தெரு, குவார்ட்டர்ஸ் நம்பர் எல்லாம் அழகாக எழுதினாய். டவுன்ஷிப் முழுக்க என்னைப்போல எத்தனையோ பேர் தங்கள் பிள்ளைகளின் ஃபார்மில் இதையேதான் எழுதவைத்திருப்பார்கள். அவர்களாவது தபாலாபீசில் போய் முகவரி மாற்றம் எழுதிக் கொடுத்திருப்பார்கள். நான் அதையும் செய்யவில்லை, உன்னிடம் மட்டும் எழுதிக் கொடுத்தாயிற்று என்று சொல்லிவிட்டேன். எழுதிக் கொடுத்தால் அந்த வீடு என் கையை விட்டுப் போனது உறுதியாகிவிடும் என்று நினைத்தேன் போலிருக்கிறது. எவ்வளவு கூறுகெட்ட நினைப்பு பார்.

நாம் காலி செய்த பத்தாம் நாள் உங்கள் யாருக்கும் சொல்லாமல் ஒரு சாக்கை எடுத்துக்கொண்டு மொபெட்டில் பழைய குவார்ட்டர்ஸுக்குப் போனேன். புதிதாக வந்திருந்தவன் அனல்மின் நிலையத்தில் வேலை பார்க்கிற சின்னப் பையன், மதுரைப் பக்கம். கல்யாணமாகி ஒரு வருஷம்கூட இருக்காது. நான் கதவைத் தட்டவில்லை. நேராகப் பின்பக்கம் போய்க் காயைத் தட்டிப் பார்த்து இரண்டை அறுத்துவிட்டேன். சத்தம் கேட்டு அந்தப் பெண் வெளியே வந்தது. "அங்கிள், சொல்லிட்டுப் பறிச்சிருக்கலாம்ல? யாரோன்னு பயந்துட்டேன்" என்று நல்லபடியாகத்தான் சொன்னது. "எம்மரத்துல நான் பறிக்க யாரக் கேக்கணும்?" என்றேன். அவனும் வந்தான். "சார், மரம் கம்பெனி மரம். குவார்ட்டர்ஸ் இப்ப என் பேர்ல இருக்கு. நீங்க கேட்டா நான் குடுக்க மாட்டேனா?" என்றான். அவன் சொன்னதில் ஒரு வார்த்தை தப்பில்லை. அதனால்தான் எனக்கு அவ்வளவு எரிந்தது. அக்கம்பக்கத்துக்காரர்கள் எட்டிப் பார்க்கும்படி என்னென்னவோ பேசினேன். அறுத்ததை அங்கேயே போட்டுவிட்டு, இனி இந்தப் படியை மிதித்தால் என்னை ஏன் என்று கேள் என்று சொல்லிவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம் டீக்குடிக்கப் போனேன் என்றேன்.

அதற்குப் பத்து நாள் கழித்து, கடைத்தெருவில் என்னோடு பெல்ட்டில் வேலை பார்த்த செல்வராசுவைப் பார்த்தேன். "ஓவ், ஒங்க பழைய குவார்ட்டர்ஸ்ல ஒம் பையன் பேருக்கு ஏதோ தபால் வந்து கெடக்குதாம். ஒன் வூடு எங்கன்னு தெரியலயாம், சொல்லச் சொன்னான் அந்தத் தம்பி" என்றார். நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? மொபெட்டைத் திருப்பியிருந்தால் இருபது நிமிஷ வேலை. எனக்கு ரோஷமாக இருந்தால் உன்னிடம் சொல்லியிருந்தால் நீ போய் வாங்கியிருப்பாய். சொன்னால் ஏன் நீ போகவில்லை என்று கேட்பாய், மரச் சண்டை வெளியே வரும், சாக்கோடு போய்த் திருடன்போல நின்றது தெரியும். "வேணும்னா கொண்டாந்து குடுக்கட்டும். அவன் வூட்டுப் படிய நான் மிதிக்க மாட்டேன்" என்றேன். செல்வராசு ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போய்விட்டார். பாங்க்கிலிருந்தோ காலேஜிலிருந்தோ ஏதாவது காகிதமாக இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதிப் பொய். நீ தினமும் மத்தியானம் வாசலில் நின்று போஸ்ட்மேன் தெருவைத் தாண்டிப் போகும்வரை பார்த்துக்கொண்டிருந்ததை நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

கடைசியில் அந்தப் பையனே வந்தான். ஷிப்ட் முடித்துவிட்டு, யூனிஃபார்ம்கூட மாற்றாமல், மந்தாரக்குப்பத்தில் தெருத்தெருவாக என் பெயரைச் சொல்லி விசாரித்து, வெயிலில் வேர்த்து வழிய வாசலில் நின்றான். ஒரு கையில் உன் பெயர் எழுதிய கவர், இன்னொரு கையில் சாக்கில் கட்டிய பலாப்பழம். "மரத்துலயே பழுத்துது சார். மொதப் பழம் உங்களுக்குத்தான் குடுக்கணும்னு வீட்ல சொல்லுச்சு" என்றான். உள்ளே வா என்று நான் கூப்பிடவில்லை. தண்ணீர் வேண்டுமா என்று கேட்கவில்லை. நீயும் அம்மாவும் வெளியே போயிருந்தீர்கள். அவன் தெருமுனை தாண்டியதும் கவரைப் பிரித்தேன். பிறர் கடிதத்தைப் பிரிக்கக் கூடாது என்று உனக்குச் சொல்லிக் கொடுத்தவனும் நான்தான். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில், உன் பழைய பள்ளி அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தேன். கட்டுரையை அலுவலகத்தில் எல்லாரும் கைமாற்றிப் படித்தார்களாம், சிரித்தார்களாம், அந்த மாவு மில் யாருடைய யோசனை என்று கேட்டிருந்தார்கள். நேர்முகத்துக்கு ஒரு தேதி போட்டிருந்தார்கள். அது போய் நாலு நாள் ஆகியிருந்தது.

இதுவரைக்கும் சொன்னதோடு நிறுத்திக்கொண்டால் தேதி போய்விட்டது, கிழவன் என்ன செய்வான் என்று நீகூட இரக்கப்படுவாய். எனக்கு அந்த இரக்கம் வேண்டாம், அது எனக்குச் சேர வேண்டியது இல்லை. கடிதத்தின் கடைசியில் இன்னும் ஒரு வரி இருந்தது. அந்தத் தேதி உனக்குத் தோதுப்படாவிட்டால் ஒரு மாதத்துக்குள் எழுது, வேறு நாள் தருகிறோம் என்று. அதையும் படித்தேன். அகராதியைப் புரட்டி ஒவ்வொரு சொல்லாகப் பார்த்து, சரியாகப் புரிந்ததா என்று திரும்பவும் பார்த்தேன். சரியாகத்தான் புரிந்தது. உனக்கு இன்னும் நேரம் இருந்தது, கதிர். உன்னிடம் நீட்டியிருந்தால் போதும். நீட்டினால் ஏன் இத்தனை நாள் என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். அதோடு இன்னொரு அசிங்கமும் என் மனசில் இருந்தது. அதற்கடுத்த திங்கட்கிழமை நீ மைன்ஸில் ஒரு கான்ட்ராக்டரிடம் சைட்டில் வேலைக்குச் சேருவதாக நான் பேசி வைத்திருந்தேன். இன்றைக்கு கான்ட்ராக்ட் என்றாலும் நாளைக்கு பெர்மனென்ட் ஆகலாம், குவார்ட்டர்ஸ் கிடைக்கலாம், நானும் உன்னோடு டவுன்ஷிப்புக்குத் திரும்பிவிடலாம். ஒரு மனுஷன் தன் பிள்ளையின் வாழ்க்கையை வைத்து எவ்வளவு அல்பமான கணக்குப் போட முடியும் என்பதற்கு உன் அப்பனைவிட வேறு ஆள் வேண்டாம். கடிதத்தை இன்ஷூரன்ஸ் காகிதங்களோடு சேர்த்து டிரங்குப் பெட்டிக்குள் வைத்தேன்.

அன்றைக்குச் சாயங்காலம் நீ கையில் எண்ணெய் தடவிக்கொண்டு அந்தப் பழத்தை அறுத்தாய். "நம்ம மரத்துப் பழமாப்பா? வாசனையே சொல்லுதே. யார் கொண்டாந்தா?" என்று கேட்டாய். தெரிந்தவர் ஒருத்தர் என்றேன். நீ பத்துச் சுளை சாப்பிட்டாய், நல்ல சுளையாகப் பார்த்து எனக்கும் எடுத்து வைத்தாய். அதை மென்று விழுங்கினேன். அதற்கப்புறம் இந்த ஆறு வருஷத்தில் நான் பலாப்பழம் சாப்பிட்டு நீ பார்த்திருக்க மாட்டாய். சர்க்கரை என்று சொல்லிவிட்டேன். எனக்குச் சர்க்கரை கிடையாது.

திங்கட்கிழமை நீ சைட்டுக்குப் போனாய். ஒரு மாதம் மத்தியானங்களில் போன் செய்து தபால் வந்ததா என்று அம்மாவைக் கேட்டாய், பிறகு கேட்பதை நிறுத்தினாய். வருஷம் இரண்டு ஆனது, கான்ட்ராக்ட் கான்ட்ராக்டாகவே இருந்தது. ஒருநாள் வேலையை விட்டுவிட்டுச் சென்னைக்குப் போய் அந்தக் கூரியர் கிடங்கில் சேர்ந்தாய். இந்த ஆறு வருஷத்தில் நீ என்னிடம் இங்கிலீஷைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. இரண்டு வருஷத்துக்கு முன் தீபாவளிக்கு வந்தபோது, டி.வி.யில் யாரோ 'ஒன்லி சாய்ஸ்' என்றார்கள். இருப்பதே ஒன்று என்றால் அதில் தேர்ந்தெடுக்க என்ன இருக்கிறது என்று நான் ஆசையாக உன் பக்கம் திரும்பினேன். நீ போனைப் பார்த்துக்கொண்டே "ம்" என்றாய். அவ்வளவுதான். உனக்கு அறிவு போதாது என்று யாரோ முகம் தெரியாதவர்கள் முடிவு கட்டிவிட்டார்கள், பதில் எழுதக்கூடத் தகுதி இல்லாதவன் என்று நினைத்துவிட்டார்கள் என்று நீ நம்பினாய். அப்படி ஒருவரும் நினைக்கவில்லை. அங்கே இருந்தவர்கள் உன் கட்டுரையைக் கையில் வைத்துக்கொண்டு நீ வருவாய் என்று காத்திருந்தார்கள். நீ வரவில்லை, பதிலும் எழுதவில்லை என்றதும் மரியாதை தெரியாத பையன் என்று ஒருவேளை நினைத்திருக்கலாம். அந்தப் பெயரும் உனக்கு என்னால் வந்தது.

புத்தி சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. ஆனாலும் அப்பன் வாய் சும்மா இருக்காது. மாசக் கடைசிக்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. அந்த இங்கிலீஷ் புத்தக வேலைக்கு எழுதிப் போடு. கிடைக்கலாம், கிடைக்காமல் போகலாம், அது வேறு. 'ஒரு தடவை போட்டேன், பதில் வரவில்லை' என்ற காரணத்துக்காக மட்டும் போடாமல் இருக்காதே, ஏனென்றால் அந்தக் காரணம் நான் உண்டாக்கிய பொய். இன்னொன்று. நாளைக்கு உனக்கும் பிள்ளை வரும். அதனிடம் கோபப்படு, வேண்டுமானால் கத்தவும் செய். தப்பு செய்துவிட்டால் அன்றைக்கே சொல்லிவிடு. முதல் நாள் சொல்லியிருந்தால் நீ என்னை ஒரு வாரம் திட்டியிருப்பாய். ஒரு மாதம் கழித்து என்றால் ஒரு வருஷம் பேசாமல் இருந்திருப்பாய். ஆறு வருஷம் கழித்துச் சொல்கிறவனை என்ன செய்வது என்று எனக்கே தெரியவில்லை.

இதுவரை எழுதியது நேற்று. தபாலில் போடுவதற்குமுன் உன் அம்மாவிடம் படித்துக் காட்டினேன். அவளுக்கும் இது எதுவும் தெரியாது. பலாப்பழம் வந்த இடத்தில், "அத்த நானுந்தான தின்னேன்" என்றாள். முடித்ததும் எழுந்து போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்து என் எதிரில் உட்கார்ந்தாள். "ஆறு வருசமா அந்தப் புள்ள தன்னயே திட்டிக்கினு கெடந்துது. நீ பேப்பரு படிச்சிக்கினு ஒக்காந்துகினு இருந்த" என்றாள். முப்பது வருஷத்தில் அவள் என்னை 'நீ' என்று சொன்னது இதுதான் முதல் தடவை. "தபால்ல போட வேணாம். தபால நம்புனது போதும். நேரா போயி அவங் கையில குடு. அவன் படிக்கற வரைக்கும் எதுருலயே நில்லு" என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போய்விட்டாள். அவள் சாப்பிடவில்லை. நானும் சாப்பிடவில்லை.

அதனால் நாளைக் காலை முதல் பஸ்ஸில் கிளம்புகிறேன். இந்தக் கடிதத்தை நீ படித்துக்கொண்டிருக்கும்போது நான் உன் அறை வாசலில், செருப்பைக் கழற்றாமல் நின்றுகொண்டிருப்பேன். உனக்கு வந்த அந்தக் கடிதமும் இதோடுதான் இருக்கிறது. நிதானமாகப் படி. படித்துவிட்டுக் கதவைச் சாத்தினால் அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடுகிறேன். திட்டினால் தெருவே வந்து பார்த்தாலும் தலை குனிந்து கேட்டுக்கொள்கிறேன். ஒன்றே ஒன்று மட்டும் செய்யாதே. நீ எப்படிப்பட்டவன் என்று எனக்குத் தெரியும், அதனால்தான் பயமாக இருக்கிறது. கடிதத்தை மடித்து வைத்துவிட்டு, "சாப்ட்டீங்களாப்பா?" என்று மட்டும் என்னைக் கேட்டுவிடாதே.

உன் அப்பா